ஒற்றைக் கொண்டை

சித்தியவானிலிருந்து பன்னிரண்டு முட்டைகள்
கூரியரில் வந்தன,
ஒவ்வொன்றும் பழைய சீனப் பத்திரிகையில் சுருண்டு.
இரண்டு வழியிலேயே விரிசல்.
ஒரு முட்டை பதினைந்து வெள்ளி.
தனபாலனிடம் ஐந்து என்று சொன்னேன்.
அதற்கே அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

வயண்டோட் என்றுதான் பெயர் சொன்னேன்.
கோடி வீட்டுக்குப் போவதற்குள் அது வாயாடி ஆகி
மறுநாள் பகாவ் காலைச் சந்தையில்
மீன் நறுக்குகிறவர்வரை விசாரிக்கிறார்:
"ஆலைக் கிராணியம்மா வாயாடிக் கோழி வளர்க்கிறீங்களாமே?"

வாயாடியே இல்லை அவை.
பனி விழும் ஊருக்கென்று
போர்வையோடு பிறந்த பறவைகள்.
ஒவ்வொரு வெள்ளை இறகுக்கும்
கறுப்பு நூலில் ஓவர்லாக் அடித்த மாதிரி ஓரம்.
இங்கே பகல் ஒரு மணிக்கு
அலகைத் திறந்து மூச்சு வாங்கும்.
தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டேன்,
கூடத்து மின்விசிறியைக் கூண்டுக்குத் திருப்பினேன்.
கூடத்தில் தனபாலன்
பத்திரிகையால் விசிறிக்கொண்டார்.

கொண்டைதான் எல்லாம் என்றார் மிஸ்டர் லிங்.
தலையோடு படிந்து, மணி மணியாய்,
பின்னால் கூராகி முடிய வேண்டும்.
ரம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றால் ஆகாது.

பொரிந்தவை ஏழு.
ஒன்று மட்டும் ரம்பம்.
எங்கள் எடைமேடையில் லாரி ஏறும்,
எண் ஒளிரும், எழுதுவேன்.
காயாய் வந்த குலைகளைச் சத்தீவேல்
கம்பியால் குத்தி ஓரம் தள்ளுவான்.
அவனைப் போலவே நானும் நோட்டில்
நாலாவது சேவலுக்கு எதிரே
"கழிவு" என்று எழுதி
மக்சிக் ரொக்கியாவிடம் கொடுத்தேன்.
குழம்பு வைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

வைத்துக்கொண்டவன் ராஜா.
நெஞ்சு அகலம், மஞ்சள் கால்,
கொண்டை தச்சன் இழைத்தது போல.
படம் அனுப்பினேன்,
மிஸ்டர் லிங் கட்டைவிரல் மூன்று அனுப்பினார்.

அடுத்த வருடம்
பெட்டியில் பதினெட்டு முட்டை.
ஏழாம் இரவு குளியலறை விளக்கை அணைத்து
கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
வெறுமை.
வெறுமை.
நிலா மாதிரி சுத்தமான வெறுமை.
இரண்டில் மட்டும் ஏதோ நிழல்.

ராஜா நாளெல்லாம் ஏறிக்கொண்டுதான் இருந்தான்.

போனில் மிஸ்டர் லிங் வெகுநேரம் சிரித்தார்.
"ரெண்டு பக்கமும் ரோஜாக் கொண்டை ரத்தம் லா.
பார்க்க அழகு. வித்து பாதி வழியில் களைச்சிடும்.
அந்த ரம்பத்தலை எங்கே?"

ரம்பத்தலை
மக்சிக் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில்
ஆறு கம்போங் பெட்டைகளுக்கு நடுவே நின்றான்.
சுற்றி, எண்ணி முடியாத குஞ்சுகள்.
சிலவற்றின் சிறகில்
அந்தக் கறுப்பு ஓரம், அரைகுறையாய்.

குழம்பு வைக்கவில்லையா என்று
கேட்க வாய் வரவில்லை.
இரவல் கேட்டேன்.
அவர் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார்:
"கொடுத்ததைத் திருப்பி வாங்கினா முழங்கை அழுகுமாம்.
அதனால வாடகைக்குத் தர்றேன்.
வாரத்துக்கு ஒரு கிலோ சோளம்."

ராஜாவைத் தனிக்கூண்டில் அடைத்தேன்.
மூன்று வாரம் சோளம் அளந்தேன்.

நேற்று மறுபடியும் குளியலறை.
முதல் முட்டையில்
சிவப்புச் சிலந்தி ஒன்று காலை விரித்திருந்தது,
நடுவில் ஒரு கடுகு துடித்தது.
"இங்கே வாங்களேன்" என்றேன்.
தனபாலன் ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து நின்றார்.
அடுத்தது, என்றார்.
அடுத்தது.

பதினைந்து.

இதில் எத்தனை ரம்பம் முளைக்குமோ.
நோட்டில் எண் மட்டும் போட்டேன்.
அதற்கு எதிரே உள்ள கட்டம்
காலியாகவே இருக்கிறது.
முட்டை ஒன்று எவ்வளவு என்று
அவர் மறுபடியும் கேட்டார்.